பனிக்காலமும் பச்சிளங் குழவியும்: பிரெஞ்சுச் சட்ட வரலாற்றில் ஒரு பகுதி

பிறந்த குழவியைச் சுற்றத்தார் நடுவண் முதன்முதல் எடுத்துச் செல்லும் நாள், பழைய பிரெஞ்சு நாட்டில் ஞானஸ்நான நாளேயாகும். குழவி பிறந்த 24 மணி நேரத்திற்குள் அச்சடங்கு நிகழ்தல் வேண்டும் என்று பதினான்காம் லூயி மன்னன் 1698 திசம்பரில் ஆணையிட்டான். எனவே சனவரித் திங்களிற் பிறந்த மகவும் மறுநாளே கோயிலுக்குச் சென்றது. தாய் உடன் செல்வதில்லை. பேறுற்ற மனையிலேயே தங்கியிருப்பாள். மருத்துவச்சியோ ஞானத்தாயோ குழவியை ஏந்திவர, தந்தையும் உறவினரும் உடன் நடப்பர். மார்கழிப் பனியையே கடுங்குளிராகக் கருதும் நமக்கு, வைத்த நீர் உறையும் குளிரில் அவர்கள் சென்ற செலவை உய்த்துணர்தல் அரிது.

ஆயினும், உயிருக்கு ஊறு நேரும் எனின் மருத்துவச்சியே வீட்டில் நீர்வார்க்கலாம் என்னும் விலக்கினைத் திருச்சபை வைத்திருந்தது. ஏனைய சடங்குகள் பின்னர் நிகழும்.

புரட்சிக்குப் பின் 1792-இல் பிறப்புப் பதிவு கோயிலினின்று ஊராட்சி மன்றத்திற்கு மாறிற்று. குழவியும் மன்றத்திற்குச் செல்லலாயிற்று. பிறவாத பிள்ளையைப் பிறந்ததாக எழுதுவித்தல், ஆணைப் பெண்ணென எழுதுவித்தல் முதலிய வஞ்சங்களைத் தடுக்கவே நேரிற் காட்டுதல் வேண்டப்பட்டது. அச்சட்டமும் பேரிடர்க் காலத்தில் அலுவலரே இல்லம் செல்லுதல் வேண்டும் என்றது. 1804-ஆம் ஆண்டுச் சிவில் சட்டத் தொகுப்பின் 55-ஆம் பிரிவோ, மூன்று நாளுக்குள் அறிவித்துக் குழவியைக் காட்டுக என்று கூறி அமைந்தது, விலக்கினைக் கூறவில்லை. சமயம் தந்த சலுகையைப் புதுச்சட்டம் தர மறந்தது வியப்பே.

இப்பிழையை எண்ணிக்கை கொண்டு காட்டியவர்கள் வில்லெர்மே என்னும் மருத்துவரும் ஆன்ரி மில்ன் எட்வர்ட்ஸ் என்னும் உயிரியல் அறிஞரும் ஆவர். 1829-இல் வெளியான அவர்தம் ஆய்வு, பச்சிளங் குழவிகளின் சாவு குளிர்மாதங்களில் மிகுவதைப் புலப்படுத்திற்று. பின்னவரின் தமையன் வில்லியம் எட்வர்ட்ஸ், பிறந்த பாலூட்டிக் குட்டிகள் தம் உடல்வெம்மையைத் தாமே காத்துக்கொள்ள மாட்டா என்பதை 1824-ஆம் ஆண்டு நூலிலேயே விளக்கியிருந்தார். இன்றைய மருத்துவமும் இதனை உடன்படுகிறது: குழவிக்கு எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி, நடுங்கி வெம்மை பெறும் ஆற்றல் குறைவு. போர்வை எத்துணை தடிப்பாயினும் தாயின் மார்பணைப்புக்கு ஈடாகாது.

ஒருவர் உடற்கூறும் மற்றிருவர் கணக்கும் ஒருமித்துச் சான்று பகர்ந்தும் சட்டம் விரைந்து மாறவில்லை. லுவார் என்னும் மருத்துவர் 1840-களிலும் 1850-களிலும் இடைவிடாது எழுதினார். குழவி அலுவலரிடம் செல்லுதல் வேண்டா, மருத்துவரே இல்லம் சென்று பிறப்பை உறுதிசெய்க என்பதே அவர் கோரிக்கை. பாரிசு நகரில் 1869 முதல் அவ்வாறே நடைபெறலாயிற்று. குழவியைக் காட்டுக என்னும் தொடர் 55-ஆம் பிரிவினின்று நீங்கியது 1919 நவம்பரில்தான்.