மூலிகை அறிவும் பண்டிதர் அயோத்திதாசரும்

பனியன் கம்பெனிகள் பெருகுமுன், நெருப்பெரிச்சலைச் சூழ்ந்த மேட்டாங்காட்டு வேலியோரங்களே நம் மக்களுக்கு மருந்துக்கடையாக விளங்கின. சளிக்கு நொச்சியிலை ஆவி, இருமலுக்கு ஆடாதோடைக் கசாயம், சொறி சிரங்கிற்குக் குப்பைமேனி, மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என நம் மூதாட்டியர் கைவைத்தியம் செய்துவந்தனர். ஆயினும் அவர்தம் அறிவு ஏட்டில் ஏறவில்லை. எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணமாகும். எழுதப்படாத அறிவு, அதனை உடையாரோடு மறைந்துபோவது இயல்பன்றோ?

எழுத்தும் மருத்துவமும் ஒருவரிடத்தே கூடினால் என்ன விளையும் என்பதற்குப் பண்டிதர் அயோத்திதாசர் வாழ்வே சான்று. 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அன்னாரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழும் பாலியும் ஆங்கிலமும் கற்ற அவர், சித்த மருத்துவராகவும் பெயர் பெற்றார். நாடி பார்த்து நோய் தீர்த்ததோடு அவர் நின்றாரில்லை. சமுதாயத்தின் பிணியாகிய சாதி இழிவுக்கும் மருந்து தேடினார். 1891இல் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, நம் மக்களுக்குக் கல்வி வசதி கோரினார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும்வரை நடத்தினார். பல்லாண்டுகள் மறக்கப்பட்டிருந்த அப்பெருமகனாரின் பெயரே, 2005இல் தாம்பரத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்குச் சூட்டப்பெற்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை மேனாட்டு அறிஞர் ஆக்கினர். நம் பாட்டிமார் கையிலும் அதே இலை இருந்தது. ஆய்வுக்கூடமும் ஏடும் இல்லை. வேற்றுமை அவ்வளவே.

ஆதலின் மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்து முதியோர் அறிந்த மூலிகைகளின் பெயர், பக்குவம், அளவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். காமாலை போன்ற கடுநோய்க்குத் தாமே மருந்துண்ணாமல் மருத்துவமனையை நாடுமாறு அவர்களுக்கு எடுத்துரையுங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் இயங்கிவரும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் சேர்ந்து பட்டம் பெற முயலுங்கள். பாட்டியின் கைவைத்தியம் பேர்த்தியின் பட்டமாக மலரும் நாளே, கால் நூற்றாண்டாக நம் கல்விச் சங்கம் ஆற்றிய பணியின் பயன் கனியும் நாளாகும்.