இரும்பு வெளியூர், பிடி உள்ளூர்

போடியில் இரும்புக் கடை நடத்துகிறவர்களுக்கு மே மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் மேலே ஏலத் தோட்டங்களில் நிழல் மரங்களைக் கழித்து முடிக்க வேண்டும். போடிமெட்டுக்கு ஜீப் ஏறுகிற ஆட்கள் முதலில் கடைக்கு வந்து அரிவாள் எடுப்பார்கள். வாயை விரலால் தடவிப் பார்ப்பது ஒரு நொடி. அப்புறம் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், ஓங்கிப் பார்ப்பார்கள், "அண்ணே, இது கைக்குள்ள நிக்க மாட்டேங்குது" என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார்கள். ஈர மரத்தின் கவையில் கால் மடக்கி நின்று, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டுகிறவர்கள் அவர்கள். அரிவாள் நழுவினால் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழும்.

அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு இந்த வியாபாரம். இரும்பைப் பற்றி எழுத ஆள் உண்டு. பிடியைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்கு வந்த மண்வெட்டிகளில் பெரும்பங்கு இங்கிலாந்துச் சரக்கு. உல்வர்ஹாம்டன் நகரத்துச் செல்லிங்டன் கம்பெனியின் முதலை மார்க் மண்வெட்டி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. அப்படிப் போனது பெரும்பாலும் வெறும் தகடுதான். கட்டையையும் சேர்த்து ஏற்றினால் கப்பலில் இடம் அடைக்கும், கூலி கூடும். போகிற ஊரில் மரமா இல்லை? அதனால் இரும்பு எந்தச் சீமையிலிருந்து வந்தாலும் கணை என்கிற கைப்பிடிக் கட்டை அந்தந்த ஊர் ஆசாரி போட்டதாகவே இருந்தது. மம்பட்டி ஒன்றுதான் என்றாலும் ஊருக்கு ஊர் கணையின் நீளமும் வளைவும் மாறும். சரிவில் குனிந்து கொத்துகிறவருக்கு ஒரு நீளம், வயலில் வரப்பு வெட்டுகிறவருக்கு இன்னொரு நீளம்.

கணைக்கு மரம் கிடைப்பது முன்புபோல எளிதாக இல்லை. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்த பிறகு அரசு ஒதுக்கிய காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றமாகிவிட்டது. கீழே கண்மாய்க் கரையிலும் புஞ்சை ஓரத்திலும் நின்ற கருவேலம் ஆசாரிகளுக்குக் கைகொடுத்தது. தோட்டத்திலேயே இருப்பவர்கள் காப்பிக் கம்பை வெட்டிக் காயவைத்துக்கொள்வார்கள். கைத்தடிக்கும் அதுதான், கொத்துக்கும் அதுதான். கொய்யாக் கம்பும் நல்ல கட்டை. கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. எந்த மரமானாலும் வரி நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வரி ஓடுகிற கட்டை எவ்வளவு தடியாக இருந்தாலும் பாறையில் ஒரு அடி விழுந்தால் பிளந்துவிடும்.

அரிவாள் பிடி போடுவது தனி வித்தை. ஆசாரி கட்டையைக் குடைந்து, துளைக்குள் அரக்குப் பொடியை நிரப்பி, அரிவாளின் வாலைக் காய்ச்சி இறக்குவார். அரக்கு உருகி மர இடுக்கெல்லாம் ஓடி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். வாய்ப்பக்கம் பிளக்காமல் இருக்க இரும்புப் பூண். அதன்பிறகு கண்ணாடிச் சில்லால் சுரண்டி, ஆமணக்கெண்ணெய் தேய்த்துக் கொடுப்பார். பிடியின் அடிப்பக்கம் லேசாகப் பருத்திருக்கும். ஓங்கும்போது சுண்டுவிரல் அதில் தடுத்து நிற்கும். நடுவில் உள்ளங்கை நிரம்புகிற அளவுக்குச் சதை. பழைய ஆசாரிகள் வாங்குகிறவரின் கையைப் பார்த்துவிட்டே செதுக்குவார்கள்.

இந்த மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு வகைப் பிடியும் இருந்தது. மூணாற்றில் துரைமார்கள் கோல்ஃப் விளையாடினார்கள். கோல்ஃப் நம் மலைகளுக்குப் புதிதல்ல. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இலேயே தொடங்கியது. மூணாறில் ஹை ரேஞ்ச் கிளப்பிலும், குண்டளையிலும் மைதானம் உண்டு.    

துரை கையில் இருந்த மட்டைக்கும் மரக்காம்புதான். அமெரிக்க ஹிக்கரி மரம். அடியைத் தாங்கும், வளைந்து நிமிரும். நம்மூர் ஆசாரி கொய்யாவில் தேடிய குணம்தான் அது. பிடிக்கிற இடத்தில் முதலில் கம்பளித் துணிப்பட்டையைச் சுற்றி, அதன்மேல் ஆட்டுத்தோல் வாரைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்து, நுனியில் ஆணியடித்து, அடியில் நூலால் கட்டுவார்கள். வறண்ட ஊரில் இது அருமையான பிடி. நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் விறைத்துப்போகும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மூணாற்றில் அந்தத் தோல் என்ன பாடு பட்டிருக்கும் என்று மலையில் செருப்பு நனைந்தவர்களுக்குத் தெரியும்.

போடிக்கு ரயில் வந்தது 1928இல். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் இரும்புக் குழாய்க் காம்பை அனுமதித்தது. ஹிக்கரியின் காலம் அதோடு முடிந்தது. காம்பு மாறிய பிறகும் இருபது வருஷம் தோல்தான் பிடி. 1949இல் அமெரிக்காவில் தாமஸ் ஃபாவிக் என்பவர் ரப்பர் பிடியைக் கொண்டுவந்தார்; கோல்ஃப் பிரைடு என்ற பெயர் அங்கே தொடங்கியது. அவர் கிளட்ச் செய்கிற தொழிலதிபர். இயந்திரத்தில் ரப்பர் எப்படிப் பிடிக்கும், எப்படி அதிர்ச்சியை விழுங்கும் என்று தெரிந்த ஆள். சில வருஷம் கழித்து, குழாய் வடிவில் வார்த்த ரப்பரைக் காம்பில் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்றாயிற்று. பின்னாளில் மழைக்காக ரப்பருக்குள் பருத்தி நூலையும் சேர்த்தார்கள்.

ரப்பர் நமக்குத் தூரத்துச் சரக்கல்ல. ஏலமலைத் தண்ணீர் போய்ச் சேருகிற பெரியாற்றின் கரையில், தட்டேக்காட்டில், 1902இல் ஐரிஷ்காரர் மர்ஃபி வணிகத்துக்காக ரப்பர் நட்டார். இந்தியாவில் ரப்பர் தோட்டத் தொழில் அங்கேதான் ஆரம்பம். ஆனால் அந்த ரப்பர் நம் அரிவாள் பிடிக்கு வந்தது கம்பெனி வழியாக அல்ல, சைக்கிள் கடை வழியாக. பஞ்சர் ஒட்ட முடியாத டியூபை ஒரு சாண் வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பிடியில் இழுத்து மாட்டிவிடுவார்கள். தடித்த பிடி என்றால் டியூபை நீளவாக்கில் வாராகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி முனையில் முடிச்சு. முதல் முறை ஃபாவிக் செய்தது. இரண்டாவது, துரையின் ஆட்டுத்தோல் முறை. இரண்டையும் மலையேறுகிறவர்கள் யார் சொல்லியும் கற்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நம்மூர்ப் பிடி கோல்ஃப் பிடியைவிடச் சுதந்திரமானது. கோல்ஃப் விதிப்படி பிடி உருண்டையாக இருக்க வேண்டும், விரல் பதியப் பள்ளம் எடுக்கக் கூடாது, புடைப்போ இடுப்போ இருக்கக் கூடாது, தடிமன் 1.75 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. குழிக்குள் தட்டிவிடுகிற மட்டைக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. கையின் குறையைப் பிடி ஈடுகட்டிவிட்டால் விளையாட்டில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் நியாயம். விளையாட்டுக்கு அது சரி. வேலை செய்கிறவருக்கு எல்லா உதவியும் வேண்டும். ஆசாரி செதுக்கிய அரிவாள் பிடி அந்த விதிப்புத்தகத்தில் பல இடத்தில் தோற்கும், அதனால்தான் அது நல்ல பிடி.

டியூபில் ஒரு குறையும் உண்டு, வியாபாரி சொல்லியே ஆகவேண்டும். அடியில் தண்ணீர் தங்கி மரம் உளுத்துப்போகும், விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பழைய அரிவாளை டியூபோடு வாங்குகிறவர்கள் ஒருமுறை உரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது பிளாஸ்டிக் பிடி போட்டே வருகிறது. மரக்கணை கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்; களை வெட்ட மெஷின் வந்துவிட்டது, அதன் கைப்பிடியில் அச்சில் வார்த்த ரப்பர். எனக்கு அதில் வருத்தமில்லை, கையில் காய்ப்பு குறைந்தால் நல்லதுதான். ஹை ரேஞ்ச் கிளப் சுவரில் நெடுநாள் வேலை பார்த்த துரைகளின் தொப்பிகள் தொங்குகின்றன. தோட்டத்தில் அதைவிட நெடுநாள் உழைத்தவர்களின் அரிவாளைத் தேடினால், மிஞ்சியிருப்பதில் பெரும்பாலும் பிடி இருக்காது. காரணம் எளிது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும்போது தராசில் வைப்பதற்கு முன் முதலில் தட்டி எறிவது மரப்பிடியைத்தான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் அரிவாளோ கொத்தோ கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.