மார்க்கேசஸ் மொழியின் இரு வழக்குகளும் ஹவாய் மொழியும்: கிரீனின் பகுப்பைக் குறித்து ஒரு மறுவிசாரணை

கிழக்குப் பாலினீசிய மொழிகளின் கிளைவரிசையை ஆராயப் புகுவோர், ரோஜர் கிரீன் 1966-ஆம் ஆண்டில் பாலினீசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குவதே இன்றளவும் வழக்கமாயிருக்கின்றது. ராப்பா நூயி மொழியைத் தனியே நிறுத்தி, எஞ்சியவற்றைத் தஹித்தி வகுப்பென்றும் மார்க்கேசஸ் வகுப்பென்றும் இரண்டாகப் பகுத்து, தஹித்தி, துவாமோத்து, ரரோத்தொங்கா, மாவோரி முதலியவற்றை முன்னதிலும், மார்க்கேசஸ், மங்கரேவா, ஹவாய் என்னும் மூன்றையும் பின்னதிலும் அவர் அமைத்தார். எல்பர்ட் 1953-இல் சொற்கணக்கீட்டைக் கொண்டு வரைந்த உறவுமுறையினும் இது திருத்தமானதென்பதிலும், தொல்பொருளாய்வாளராகிய கிரீன் மொழிநூலாருக்கு வழிகாட்டியது அரியதொரு நிகழ்ச்சி என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் அப்பகுப்பு நிலைபெற்றபின், அதன்மேல் சாய்ந்து வளர்ந்த ஒரு கருத்து, அதாவது ஹவாய் மொழி மார்க்கேசஸின் தென்தீவு வழக்கிலிருந்தே பிரிந்தது என்னும் கருத்து, போதிய ஆதாரமின்றியே பலராலும் எடுத்தாளப்பட்டு வருகின்றது. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

மார்க்கேசஸ் மொழியின் வடக்கு, தெற்கு வேறுபாடு அனைவரும் அறிந்ததே. நுக்கு ஹிவா, ஊவா பொவு, ஊவா ஹுக்கா ஆகிய வடதீவுகளில், பழைய ங என்னும் மெல்லொலி பெரும்பாலும் ககர வல்லொலியாய் மாறிற்று. ஹிவா ஓவா, தஹுவத்தா, ஃபத்து ஹிவா ஆகிய தென்தீவுகளில் அதுவே னகரமாயிற்று. ‘இங்ஙனம்’ என்னும் சொல்லைச் செவ்வனே உச்சரிக்கும் தமிழருக்கு அந்த ஙகர ஒலி புதிதன்று. நாடு என்னும் பொருளில் வடக்கில் ‘ஹெனுவா’ என்பது தெற்கில் ‘ஃபெனுவா’ என ஒலிக்கின்றது. இவ்வளவிலே இரு வழக்குகளையும் எல்லை கீறிப் பிரித்துவிடலாமென்று எண்ணுதல் தவறு. காப்லிட்ஸ் 2006-இல் வெளியிட்ட இலக்கணமும், ஷார்பாந்தியே, பிரான்சுவா இருவரும் 2015-இல் தொகுத்த பிரெஞ்சுப் பாலினீசிய மொழிப்படத் தொகுதியும், தீவுக்குத் தீவு மாறிச் செல்லும் வழக்குகளைத் தெளிவுறக் காட்டுகின்றன.

ஹவாய் மொழியிலும் பழைய ஙகரம் னகரமாகவே மாறியிருத்தலே மேற்கண்ட கருத்தினர் முதலில் எடுத்துக்காட்டும் சான்று. தென்மார்க்கேசஸில் னகரம், ஹவாயிலும் னகரம். ஆதலின் தெற்கிலிருந்து சென்றவரே ஹவாயில் குடியேறினர் என்பது அவர் வாதம். இதன் பலவீனத்தை உணர நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. நியூசிலாந்தின் வடதீவில் தூஹோ மக்கள் பேசும் மாவோரி வழக்கில் ஙகரம் னகரமாயிற்று. தென்தீவின் காய் தாஹு மக்களிடையே அதுவே ககரமாகி, ‘அவோரங்கி’ என்னும் மலைப்பெயர் ‘அவோராக்கி’ என வழங்குகின்றது. தூஹோ மக்கள் தென்மார்க்கேசஸிலிருந்தும் காய் தாஹு மக்கள் வடமார்க்கேசஸிலிருந்தும் வந்தவரென்று எவரும் சொல்லத் துணியார். ஙகரம் நிலையற்ற ஒலி. பாலினீசியாவில் அது பலவிடங்களில், ஒன்றோடொன்று சம்பந்தமின்றி, இதே இரண்டு வழிகளில் திரிந்திருக்கின்றது. பன்முறை தானே தோன்றத்தக்க மாற்றத்தை உறவுக்குச் சாட்சியாகக் கொள்ளுதல் முறையன்று.

இரண்டாவதாக அவர்கள் காட்டுவது சொல்லாக்க முன்னொட்டு. வடக்கில் ‘ஹக்கா’ என்றிருப்பது தெற்கில் ககரம் நீங்கி, குரல்வளையைச் சட்டென மூடித் திறக்கும் அடைப்பொலியோடு ‘ஹஅ’ என ஒலிக்கின்றது. ஹவாயிலும் ‘ஹஅ’ என்னும் வடிவம் உண்டு. இது முதற்சான்றினும் வலியதே. ஆனால் ஹவாய் மொழியில் பழைய ககரம் யாண்டும் அடைப்பொலியாயிற்று என்பதையும், தென்மார்க்கேசஸிலோ ககரம் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது. மீனைக் குறிக்கும் பழஞ்சொல் மார்க்கேசஸ் முழுவதும் ‘இக்கா’ எனவே நிற்க, ஹவாயில் ‘இஅ’ ஆயிற்று. ஒன்று மொழி முழுவதையும் தழுவிய ஒலிமாற்றம். மற்றொன்று அடிக்கடி வழங்கி நைந்த ஒட்டில் மட்டும் நேர்ந்த தேய்வு. இவ்விரண்டின் முடிவும் ஒன்றுபோல் தோன்றுவதால் தொடக்கமும் ஒன்றென்று கொள்ளவியலாது.

இனி, நான் பெரிதும் நம்பும் சொல்லுக்கு வருகின்றேன். மனிதன் என்னும் பொருளில் மாவோரியர் ‘தஙத்தா’ என்பர். தஹித்தியில் அது ‘தஅத்தா’. ஹவாயில் ‘கனக்கா’, அதாவது தகரம் ககரமாகத் திரியுமுன் ‘தனத்தா’. இவை யாவும் அவ்வம்மொழியின் ஒலிவிதிக்கு முற்றும் இயைந்தவை. மார்க்கேசஸில் அவ்விதிப்படி வடக்கே ‘தக்கத்தா’ என்றும் தெற்கே ‘தனத்தா’ என்றும் இருத்தல் வேண்டும். உள்ளதோ, வடக்கில் ‘எனனா’, தெற்கில் ‘எனத்தா’. தம் நாட்டையே வடவர் ‘தே ஹெனுவா எனனா’ என்றும், தென்னவர் ‘தே ஃபெனுவா எனத்தா’ என்றும் அழைப்பர். இரண்டிலும் சொல்முதல் தகரம் அடைப்பொலியாகக் குன்றிவிட்டது; அதனைத் தமிழெழுத்தால் காட்ட வழியில்லை. இரண்டிலும் முதல் உயிராகிய அகரம் எகரமாயிற்று. மார்க்கேசஸ் மொழியில் தகரம் பொதுவாக மாறாது நிற்கும் ஒலியாதலின், இவை விதிவழி வந்த மாற்றங்களல்ல. இச்சொல்லுக்கே உரிய விபரீதங்கள். இத்தகைய விபரீதம் இரண்டிடத்தில் தனித்தனியே ஒருபடித்தாய் நிகழ்தல் அரிது. ஆகவே வடக்கும் தெற்கும் ஒரே மொழிச் சமூகமாயிருந்த காலத்தில் இச்சொல் இவ்வடிவை அடைந்ததென்றும், ஹவாய் மொழியின் முன்னோர் அச்சமூகத்தில் அக்காலத்தே பங்குகொள்ளவில்லையென்றும் கொள்வதே பொருத்தம். பெண்ணைக் குறிக்கும் சொல்லும் இதற்குத் துணைநிற்கின்றது: தஹித்தியிலும் ஹவாயிலும் மாவோரியிலும் முதலசை அகரம் பெற்று ‘வஹினே’ எனவே ஒலிக்க, மார்க்கேசஸின் இரு பகுதிகளிலும் அது ‘வெஹினே’.

வடக்கத்திய ‘எனனா’ மேலும் ஒரு செய்தியைத் தன்னுள் வைத்திருக்கின்றது. வடக்கில் ஙகரம் ககரமாவதன்றோ முறை? அவ்வாறாயின் இங்கே இரண்டு னகரங்கள் எங்ஙனம் வந்தன? தென்வழக்கிலிருந்து கடன்பெற்றதென்று சொல்லிவிடுவது எளிது. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் தன்னையே குறித்து வழங்கும் பெயரை அயல்தீவாரிடம் இரந்து பெற்றதென்பது எனக்கு உடன்பாடன்று. அன்றியும், தெற்கே தகரமாயிருப்பது வடக்கே னகரமானதற்கு அவ்விளக்கத்தில் காரணமில்லை. என் அபிப்பிராயம் வருமாறு: இரு வழக்குகளுக்கும் பொதுவான நிலையில் இச்சொல் ‘எஙத்தா’ என்றிருந்தது, வடக்கில் ஙகரமும் தகரமும் ஒன்றையொன்று சாயலேற்று, ஙகரம் தகரத்தின் பல்லிடத்தையும், தகரம் ஙகரத்தின் மெல்லோசையையும் பெற, இரண்டும் னகரமாய் அமைந்தன. இது நிகழ வேண்டுமாயின் வடக்கில் அப்போது ஙகரம் மெல்லொலியாகவே இருந்திருத்தல் வேண்டும். ககரமாகிவிட்ட ஒலிக்குப் பிறிதொன்றுக்கு ஈயத்தக்க மெல்லோசை ஏது? அதே காரணத்தால் தெற்கின் னகரமும் பொதுநிலைக்குப் பிற்பட்டதேயாகும். ஹவாயர் அப்பொதுநிலைக்கு முன்பே பிரிந்தவரெனின், அவர்தம் னகரத்துக்கும் தென்மார்க்கேசஸ் னகரத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஒரு சொல்லின்மேல் இத்தனை பாரத்தை ஏற்றுவது தகுமா என்று கேட்பாருண்டு. ஒழுங்கான நூறு சொற்கள் வெளியிடாத காலமுறையை ஒழுங்கற்ற ஒரு சொல் வெளியிடுவது மொழிநூலில் புதிதன்று என்பதே என் விடை.

பொதுநிலை என்று ஒன்று இருந்ததற்கு ரகரத்தின் மறைவும் சான்றாகும். பழைய ரகரம் மார்க்கேசஸ் முழுவதும் அடைப்பொலியாகத் திரிய, ஹவாயில் லகரமாகவும் மங்கரேவாவில் ரகரமாகவும் எஞ்சியிருக்கின்றது. இம்மறைவின் காலத்தை அறிய ஒரு தேசப்படம் உதவக்கூடுமென்று தோன்றும். ராயாத்தேயா தீவினனாகிய துப்பையா 1769-இல் குக் கப்பித்தானின் கப்பலில் வரைவித்த படத்தில், இன்றைய ஹிவா ஓவாவோடு பொருத்திக் காட்டப்படும் தீவின் பெயர் ‘ஓஹிவாரோவா’ என்பதையொட்டி, ரகரத்தோடு எழுதப்பட்டுள்ளது. இதைக்கொண்டு 1769-இல் மார்க்கேசஸில் ரகரம் ஒலித்ததென்று முடிவுகட்டுதல் கூடாது. பெயரைச் சொன்னவன் ரகரம் வழங்கும் மொழியினன், எழுதியவர் ஆங்கிலேயர். ரகரம் மறையுமுன்னரே அப்பெயர் அவன் தாயகமான சங்கத் தீவுகளை எட்டி அங்கே மரபில் நிலைத்திருக்கலாம். அல்லது ‘ஓவா’ எனக் கேட்டதைத் தம் மொழியின் ‘ரோவா’ என அறிந்து கடலோடிகள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். முன்னதே உண்மையாயின் ரகர மறைவு அத்துணைப் பழமையுடையதன்று. இவ்விரண்டில் ஒன்றைத் துணிதற்கு அப்படம் இடந்தரவில்லை.

காலக்கணக்கில் கிரீனின் பகுப்புக்கு நேர்ந்த இடையூறு இதனினும் பெரிது. அவர் எழுதிய காலத்தில், ராபர்ட் சக்ஸ் நுக்கு ஹிவாவின் ஹஅதுவதுவாவில் நடத்திய அகழாய்வைக் கொண்டு, மார்க்கேசஸில் மக்கள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே குடியேறினர் என்னும் கருத்து செல்வாக்குடன் விளங்கிற்று. அங்ஙனமாயின், அத்தீவுகளில் ஒரு மூலமொழி நூற்றாண்டுகள் பல தனித்து வளர்ந்து, பின்னர் ஹவாய்க்கும் மங்கரேவாவுக்கும் பரவ வேண்டிய அவகாசம் இருந்தது. 2011-இல் வில்ம்ஷர்ஸ்ட் முதலியோர் கரிமக் காலக்கணிப்புகளைச் சலித்தெடுத்து, கிழக்குப் பாலினீசியக் குடியேற்றத்தைக் கி.பி. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் அடக்கிவிட்டபின், அந்த அவகாசம் சில தலைமுறைகளாகச் சுருங்கிற்று. மேரி வால்வொர்த் 2014-இல், தஹித்தி வகுப்பு, மார்க்கேசஸ் வகுப்பு என்னும் இரண்டுக்குமே அவற்றுக்கு மட்டும் உரிய புதுமைகள் போதுமான அளவில் இல்லையென்று மறுத்தது இதனோடு இணங்குகின்றது. எனினும் ஹவாய்க்கும் மார்க்கேசஸுக்கும் பொதுவான சொற்கள் பலவுண்டு என்பதை எல்பர்ட் 1982-இல் மீண்டும் ஆராய்ந்திருத்தலின், உறவே இல்லையென்று நான் வாதிப்பதாகக் கொள்ளற்க. கடல்வழித் தொடர்பு நெடுங்காலம் நீடித்த சமூகங்களில், மரத்தின் கிளைபோல் தெளிவாகப் பிரியும் மொழிவரலாற்றை எதிர்பார்த்ததே பிழையின் மூலம்.

வடக்கில் ஙகரம் ககரமான காலம் யாது? இதற்கு உறுதியான விடையில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் பாஸ்கோ குரூக் 1797-இல் தஹுவத்தாவில் இறங்கி, மறுவருடம் நுக்கு ஹிவாவுக்குச் சென்று, 1799-இல் இங்கிலாந்து திரும்பியபின், மார்க்கேசஸ் இளைஞன் ஒருவனின் உதவியோடும் கிரேட்ஹீட் பாதிரியாரின் துணையோடும் ஓர் அகராதியை உருவாக்கினார். அச்சேறாது கிடந்த அக்கையெழுத்துப் பிரதி 1998-இல்தான் ஆக்லாந்தில் வெளிவந்தது. தெற்கிலும் வடக்கிலும் வாழ்ந்த ஒருவரின் செவி கேட்ட சொற்கள் என்பதால், பிஷப் தொர்தியோனின் அகராதியினும் இதற்கு மதிப்பு அதிகம். தொர்தியோன் நுக்கு ஹிவாவில் நெடுங்காலம் உழைத்து 1888-இல் மறைந்தவர். அவருடைய நூல் 1904-இல் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்திலும் அதையடுத்தும் தீவுகளின் நிலை தலைகீழாயிற்று: 1842-இல் பிரெஞ்சு ஆட்சி வந்தது, 1863-இல் பெரூவிலிருந்து திரும்பியவர்களுடன் வந்த பெரியம்மை நுக்கு ஹிவாவையும் ஊவா பொவுவையும் பெருமளவில் வெறுமையாக்கிற்று, 1920-களில் தீவுத்தொகுதி முழுவதிலும் எஞ்சியோர் இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டினர். பள்ளத்தாக்குகள் பாழ்பட்டு, எஞ்சியவர் இடம்பெயர்ந்து கலந்தபின் திரட்டிய சொற்களைக் கொண்டு, கலப்புக்கு முந்திய எல்லைகளை வரைதல் அபாயகரமானது.

ஆதலின் என் முடிபு இவ்வளவே. வடக்கும் தெற்கும் ஒரு மொழியின் பிற்காலப் பிரிவுகள். ரகர மறைவும், ‘எனனா’, ‘எனத்தா’, ‘வெஹினே’ என்னும் வடிவங்களும் அவ்வொருமைக்குச் சாட்சி. ஹவாய் மொழியைத் தென்வழக்கின் வழித்தோன்றலாகக் கூறுதல் கைவிடத்தக்கது. ஒலிமாற்றங்களின் ஆண்டெல்லையைக் குடியேற்றத்துக்கும் குரூக்கின் வருகைக்கும் இடையே எங்கேனும் வைக்கலாமேயன்றி, அதனினும் நெருக்கிச் சொல்ல இப்போது இயலாது. 2000-இல் நிறுவப்பட்ட மார்க்கேசஸ் மொழிக் கழகத்தாரும், இத்துறையில் உழைக்கும் இளைய ஆராய்ச்சியாளரும், குரூக்கின் அகராதியைச் சொல்லுக்குச் சொல் தீவுவாரியாகப் பிரித்துப் பரிசோதிக்க முன்வருவாராக.