டெம்ப்ளர் சபையும் நீலகிரித் தேடலும்

எருசலேம் யாத்திரிகர்களைக் காக்க 1119 வாக்கில் தோன்றிய துறவிப் போர்வீரர் அமைப்பு டெம்ப்ளர் சபை. 1307 அக்டோபர் 13 அன்று பிரான்சு மன்னர் நான்காம் பிலிப் அதன் உறுப்பினர்களைக் கைது செய்தார். 1312இல் போப் ஐந்தாம் கிளமெண்ட் சபையைக் கலைத்தார். சபை புதையலோடு மறைந்தது, இன்றும் இரகசியமாக இயங்குகிறது என்பவை ஆதாரமற்ற கற்பனைகள். அதன் சொத்தில் பெரும்பகுதி, இன்னொரு துறவிப் போர்வீரர் அமைப்பான ஹாஸ்பிடலர் சபைக்குப் போனது. போர்ச்சுகலில் இருந்த சொத்துகள் 1319இல் நிறுவப்பட்ட கிறிஸ்து சபைக்குச் சென்றன.

கிறிஸ்து சபையின் சிலுவைக் கொடியுடன்தான் வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். மிளகோடு கிறிஸ்தவர்களையும் போர்ச்சுகீசியர் தேடினர். கிழக்கே பிரஸ்டர் ஜான் என்ற கிறிஸ்தவ அரசர் ஆள்கிறார் என்ற சிலுவைப்போர்க் காலக் கதையை அவர்கள் உண்மையாகவே நம்பினர்.

அந்தத் தேடலின் ஒரு கிளை நீலகிரியையும் எட்டியது. முன்னோரின் கிறிஸ்தவத்தை மறந்த மக்கள் மலைமேல் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, 1603இல் இயேசு சபைப் பாதிரியார் ஃபினிசியோ மலையேறினார். இவர் போர்வீரர் சபை எதையும் சேர்ந்தவரல்லர். படகர் ஊரைக் கண்டார், மலைவாழ் மக்களான தோடர்களைச் சந்தித்தார், தோடர் பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்தார். அவர் கண்டது எருமையைப் புனிதமாகப் போற்றும் வழிபாடு. சிலுவையோ வேதநூலோ அங்கு இல்லை. கண்டதை மறைக்காமல் எழுதியதே அவருடைய சிறப்பு. தோடர் குறித்த மிகப் பழைய ஐரோப்பியப் பதிவுகளில் ஒன்றான அவருடைய அறிக்கையை, மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் ஆய்வுநூலின் பின்னிணைப்பில் காணலாம்.