ஆர்தர் சி. கிளார்க் சேகரிப்பு, இலங்கை

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் (1917–2008) கொழும்பு வீட்டில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த கடிதங்கள், கையெழுத்துப் படிகள், குறிப்பேடுகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் தொகுதி. அவருடைய பெயரிலான அறக்கட்டளையிலிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் சென்றது. அந்நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியக ஆவணக்காப்பகத்தில் 2015ஆம் ஆண்டுச் சேர்க்கையாகப் பதிவாகியுள்ளது. வர்ஜீனியா மாநிலம் சான்டிலியில் உள்ள அதன் கிளையில் பாதுகாக்கப்படுகிறது. கிளார்க்கும் அவருடைய நண்பர்களும் இதைக் ‘கிளார்கைவ்ஸ்’ என்று அழைத்துவந்தார்கள். காப்பகப் பட்டியலில் தொகுதியின் பெயரோடு இலங்கையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தாள்களில் பெரும்பகுதி அந்த மண்ணில் உருவானது என்பதால் அது பொருத்தமான பெயர்.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் கிளார்க் பிறந்தார். அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்கள்தான் அவரை இந்தத் துறைக்கு இழுத்தன. 1928 நவம்பர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழும் 1930 மார்ச் ‘அஸ்டவுண்டிங்’ இதழும் தம் வாழ்க்கையைத் திருப்பிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். பழைய இதழ்களைக் கடைகடையாகத் தேடி வாங்கிச் சேர்த்த அந்தச் சிறுவனின் நினைவுகளே 1989இல் ‘அஸ்டவுண்டிங் டேஸ்’ என்ற நூலாயின. சேர்த்துவைக்கும் பழக்கம், ஆக, எழுத்துக்கும் முந்தியது.

போர்க்காலத்தில் அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் பணியில் இருந்தார். மோசமான வானிலையில் விமானங்களைத் தரையிலிருந்தே வழிகாட்டி இறக்கும் அமைப்பைச் சோதித்த குழு அது. அந்த அனுபவம் 1963இல் ‘கிளைடு பாத்’ நாவலானது. போருக்குப் பின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1948இல் முதல் வகுப்பில் தேறினார். ஆய்வுக்கட்டுரைச் சுருக்கங்களை வெளியிடும் ஓர் அறிவியல் இதழில் துணை ஆசிரியராகவும் வேலை பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அல்லர். ஆனாலும் அவருடைய ஒரு கட்டுரை பல ஆய்வுக்கூடங்களின் வேலையைத் தீர்மானித்தது. 1945 அக்டோபர் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வந்த அந்தக் கட்டுரை, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் வானொலியும் தொலைக்காட்சியும் அனுப்பலாம் என்று கணக்கிட்டுக் காட்டியது. அந்த உயரத்தில் சுற்றும் பொருளுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்கும். இன்று அந்தப் பாதைக்குக் ‘கிளார்க் சுற்றுப்பாதை’ என்றும் பெயர் உண்டு. கட்டுரை வந்த அதே ஆண்டு மே மாதம் நண்பர்களுக்குச் சுற்றுக்கு விட்ட அதன் முன்வரைவின் தட்டச்சுப் படி, கொழும்புத் தாள்களுக்கு வெகுகாலம் முன்பே ஸ்மித்சோனியனுக்குப் போய்விட்டது.

இலங்கைக்கு அவர் வந்தது கடலுக்காக. 1954 இறுதியில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளைப் பார்க்கப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் சிறிது நேரம் நின்றது. அந்த இடைவேளையில் கண்ட தீவு மனதில் தங்கிவிட, 1956இல் திரும்பி வந்து இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். நண்பர் மைக் வில்சனோடு சேர்ந்து அவர் செய்த முத்துக்குளிப்பு போன்ற வேலை தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாதது. திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் அவர்கள் பார்த்துப் படமெடுத்தார்கள். 1957இல் வந்த ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்’ நூலில் இது விரிவாக இருக்கிறது. 1961இல் தென்கிழக்குக் கடலில், உள்ளூரார் மகா இராவணன் கோட்டை என்று சொல்லும் பாறைத்திட்டுக்கு அருகே, ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்களோடு மூழ்கிக் கிடந்த கப்பலை வில்சன் கண்டுபிடித்தார். கிளார்க்கின் பெயரை விண்வெளியோடு மட்டும் முடிச்சுப்போடுவது அவருடைய தாள்களில் பாதியைப் பார்க்காமல் விடுவதாகும்.

கொழும்பு 7, கறுவாத்தோட்டத்தில் பான்ஸ் பிளேஸ் 25ஆம் எண் வீடே இந்தச் சேகரிப்பு வளர்ந்த இடம். சுவரெங்கும் விண்வெளி வீரர்களும் தலைவர்களும் கையெழுத்திட்ட படங்கள், சான்றிதழ்கள், பரிசுகள் நிறைந்த வேலையறைக்கு ‘ஈகோ சேம்பர்’ என்று அவரே பெயர் வைத்திருந்தார். 1975இல் இந்தியா, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.–6 செயற்கைக்கோளைக் கொண்டு கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டும் சைட் திட்டத்தைத் தொடங்கியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் வந்து இந்த வீட்டின் மாடியில் ஐந்து மீட்டர் அகல ஏற்பு அலைவாங்கி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் கணக்கிட்ட ஒன்றின் படத்தைத் தன் வீட்டிலேயே பார்க்கும் பேறு எந்த எழுத்தாளருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆவணக்காப்பாளர்களுக்கு இந்த வீட்டின் எழுத்து முறையும் முக்கியமானது. 1982இல் வெளியான ‘2010: ஒடிசி டூ’ நாவலைக் கிளார்க் கணினியில் வேர்டுஸ்டார் மென்பொருள் கொண்டு எழுதினார், முழு நாவலும் ஒரே ஒரு வட்டில் நியூயார்க் போனது. கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரை நிலையம் வழியாக இன்டெல்சாட் செயற்கைக்கோள் மூலம் சென்றன. அந்த நாவலைப் படமாக்கிய இயக்குநர் பீட்டர் ஹையம்ஸோடு கணினி வழியே நடந்த கடிதப் போக்குவரத்து ‘தி ஒடிசி ஃபைல்’ என்ற நூலாகவே வந்தது. இன்று மின்னஞ்சல் இல்லாத எழுத்தாளர் இல்லை. 1983இல் அது அரிது. தாளும் வட்டும் கலந்த எழுத்து வாழ்க்கையைக் காப்பது, தாளை மட்டும் காப்பதைவிடக் கடினம்: வட்டு கெடாமல் இருந்தாலும் அதைப் படிக்கும் இயந்திரம் கிடைக்க வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றும் கறையானும் தாளுக்கு என்ன செய்யும் என்பது தெற்காசிய நூலகர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேகரிப்பு கடல் கடந்ததற்கு எதிராக எழும் வருத்தம் நியாயமானதே. குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் நிலையான பணமும் வேண்டும் என்ற வாதமும் நியாயமானதே.

அறிவியல் படித்தவரின் புனைகதைத் தாள்கள் நூலகம் சேர்வது புதிதன்று. உயிர்வேதியியல் பேராசிரியர் ஐசக் அசிமோவ், தாம் பாடம் நடத்திய பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முகர் நினைவு நூலகத்துக்குத் தம் தாள்களைக் கொடுத்தார். அதற்குமுன் பழைய கையெழுத்துப் படிகளை அவர் எரித்துவிடுவது வழக்கம். நூலகத்தின் ஹோவர்ட் காட்லீப் கேட்ட பிறகே அது நின்றது. இன்று அத்தொகுதி 464 பெட்டிகளில், 71 மீட்டர் நீள அலமாரியில் இருக்கிறது. ஒரு நூலகர் நேரத்தில் கேட்டதால் பிழைத்த இலக்கியம் அது. ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பு, லாயிட் ஈட்டன் என்ற மருத்துவரின் 7,500 நூல்களை 1969இல் வாங்கியதிலிருந்து தொடங்கியது. டொராண்டோ பொது நூலகத்துக்கு எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் சுமார் 5,000 நூல்களைக் கொடையாகத் தந்தார். கிளார்க் புரவலராக இருந்த பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை அறக்கட்டளையின் நூல்கள் 1993 முதல் லிவர்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

தமிழ்நாட்டில் ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு; அது வேறு திசையில் முடிந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நுண்படமெடுத்துவிட்டு மூலங்களைச் சென்னையிலேயே வைத்தது. இன்றும் தரமணியில் போய் அவற்றைப் பார்க்கலாம். தமிழ் அறிவியல் புனைகதையில் பெரும்பகுதி வார இதழ்த் தொடராக வந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் வந்ததைப் போல. அத்தகைய எழுத்துக்கு நூலைவிட இதழ்த் தொகுப்பே மூல ஆவணம். ஓவியமும் விளம்பரமும் வாசகர் கடிதமும் அதில்தான் இருக்கின்றன. கிளார்க் சேகரிப்புக்கும் இந்த வழி முடியாததன்று: எண்ணியப் படிகள் மொறட்டுவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிடைக்குமானால், மூலம் எங்கிருக்கிறது என்ற கேள்வியின் கூர்மை குறையும்.

இலங்கையில் எஞ்சியிருப்பவை வேறு வகைச் சொத்துகள். 1979 முதல் 2002 வரை அவர் வேந்தராக இருந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை அடுத்து, கட்டுபெத்தையில், அவருடைய பெயரில் 1984இல் தொடங்கிய நவீன தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. ஜப்பான் அளித்த 45 செ.மீ. தொலைநோக்கி அங்கே இருக்கிறது. ஆனால் ஹிக்கடுவையில் அவர் நடத்திய ஆழ்கடல் நீச்சல் பள்ளி 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது. அவருடைய உடல் பொறளை பொது மயானத்தில், அவர் விரும்பியபடி சமயச் சடங்கின்றி அடக்கம் செய்யப்பட்டது.

ஃபிரடெரிக் போலோடு சேர்ந்து எழுதிய ‘தி லாஸ்ட் தியரம்’ அவருடைய கடைசி நாவல். இறப்பதற்குச் சில நாள் முன்பே முழுப் பிரதியைப் படித்து முடித்தார். நூல் 2008இல், மறைவுக்குப் பின் வந்தது. அதன் நாயகன் ரஞ்சித் சுப்பிரமணியன், திருகோணமலைத் தமிழ் இளைஞன், கணித மாணவன். தந்தை கோணேசர் கோயிலின் தலைமைப் பூசகர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையனை உலகக் கணிதத்தின் நாயகனாக்கிய இந்த நூல் தமிழில் பேசப்பட்டது மிகக் குறைவு. கிளார்க்கின் இலங்கை வாழ்வை ஆராய வருபவர்கள், ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டப்ரபேன்’ நூலையும் இதையும் அருகருகே வைத்துத் தொடங்குவது நல்லது. சான்டிலி காப்பகத்தைப் பயன்படுத்த விரும்பும் ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதி நேரம் பெற்றுச் செல்ல வேண்டும்.