திருகோணமலைத் துறையில் துடுப்புப் படகுகள்

திருகோணமலையின் பெருமையைப் பேசப் புகுவோர் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விடுவதில்லை. சுவாமிமலையின் உச்சியிலே கடலைப் பார்த்து நிற்கும் கோணேசர் திருக்கோயில் ஒன்று. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் அந்நகரின் துறைமுகம் மற்றொன்று. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மூன்றாவது செய்தி ஒன்றும் உண்டு. அத்துறைமுகத்து நீரிலே துடுப்பெடுத்தவர்கள் யாவர், அவர்கள் யாருக்காகத் துடுப்பெடுத்தார்கள் என்பதே அது. கோட்டைகளையும் கொடிகளையும் பற்றிய வரலாற்றை விட இந்தத் துடுப்பின் வரலாறு எளியது. ஆயினும் அதிலே அறிந்துகொள்ள வேண்டியவை பல.

இன்று ஹொங்கொங், சிங்கப்பூர், பினாங்கு முதலான துறைமுக நகரங்களிலே டிராகன் படகுக் கழகங்கள் பல இயங்குகின்றன. சீனர் தம் கதைகளிலே போற்றும் டிராகன் என்னும் பறவை நாகத்தின் தலை அணியத்திலும், வால் பின்புறத்திலும் பொருத்தப்பெற்ற நீண்ட ஒடுங்கிய படகு அது. பெரிய படகிலே இருபது பேர், இருவர் இருவராகப் பத்து வரிசைகளில் அமர்ந்து துடுப்புப் போடுவர். முன்னே ஒருவர் முரசு கொட்டுவார். பின்னே ஒருவர் நின்றவாறு திசை திருப்புவார். ஆக, இருபத்திரண்டு பேர். கி.மு. 278ஆம் ஆண்டிலே, தன் நாடு பகைவர் கைப்பட்டதைப் பொறாது ஆற்றிலே வீழ்ந்து உயிர்நீத்த கியூ யுவான் என்னும் புலவரை மீட்க ஊர் மக்கள் படகுகளில் விரைந்தனர் என்றும், அதன் நினைவாகவே இப்போட்டி எழுந்தது என்றும் சீனர் சொல்லுவர். 1976ஆம் ஆண்டு ஹொங்கொங்கிலே பிற நாட்டுக் குழுக்களையும் அழைத்துப் போட்டி நடத்தினர். 1991ஆம் ஆண்டு இதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனமும் நிறுவப்பெற்றது. ஓர் ஊரின் திருவிழாவாக இருந்தது, யாரும் சேரக்கூடிய விளையாட்டாக மாறிய வரலாறு இது.

முரசொலிக்கு இசையப் பலர் ஒன்றாகத் துடுப்புப் போடுவது தமிழ்க் கடற்கரைக்குப் புதிய காட்சியன்று. திருகோணமலைக் கரையோரத்திலே கரைவலை வளைக்கும் தோணியைப் பார்த்தோர் இதனை அறிவர். வலையை ஏற்றிய தோணி அலையைக் கிழித்து வெளியே செல்ல வேண்டுமாயின், தண்டு வலிப்போர் அனைவரும் ஒரே கணத்தில் வலித்தல் வேண்டும். ஒருவன் கை பிந்தினாலும் தோணி அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். வலையைக் கரைக்கு இழுக்கும்போதும் அவ்வாறே. இந்த ஒருமைப்பாட்டுக்காக எழுந்ததே 'அம்பா' என்னும் கடற்றொழிலாளர் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் அதை ஏந்திப் பாடுவர். பாட்டின் தாளத்திலே கை அசையும். சீனப் படகின் முரசு செய்யும் வேலையை இங்கே மனிதக் குரல் செய்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோணியும் வலையும் சம்மாட்டிக்குரியவை. தண்டு வலித்தவன் பிழைப்புக்காக வலித்தான். அவன் எந்தத் தோணியில் ஏறுவது என்பதை அவனுடைய விருப்பம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

இத்துறைமுகத்தைத் தேடி வந்த வல்லரசுகளின் படகுகளிலும் நிலைமை இதுவே. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தக்க புகலிடம் இல்லை. திருகோணமலையின் உட்துறைமுகமோ மலைகளாலும் மேடுகளாலும் சூழப்பெற்று, எக்காலத்திலும் அமைதியான ஆழ்நீரைக் கொண்டது. வங்கக் கடலை ஆள நினைத்த எவருக்கும் இது வேண்டியிருந்தது. 1620ஆம் ஆண்டிலே டேன்மார்க்கு நாட்டார் இங்கு வந்தனர். அந்தப் பத்தாண்டிலேயே போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் அக்கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து மீண்டனர். 1782ஆம் ஆண்டு சனவரியிலே ஆங்கிலேயரும், அவ்வாண்டு ஆகஸ்டிலே சுவ்ரான் என்னும் தளபதியின் கீழ்ப் பிரெஞ்சுக்காரரும் இதனைப் பிடித்தனர். பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட துறைமுகம், 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவையெல்லாம் பாய்க்கப்பலின் காலத்து நிகழ்ச்சிகள். பாய்க்கப்பலுக்குக் காற்று வேண்டும். காற்று அடங்கிவிட்டால், மலைபோன்ற அக்கப்பலை அதன் சிறு படகுகளே கயிறு கட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. குடிநீர் கொண்டுவரவும், விறகும் மரமும் ஏற்றவும், படையைக் கரையிறக்கவும் துடுப்புப் படகையே நம்பினர். புயலிலே பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவிலே வந்து தங்கியபோது நேர்ந்த கதை இதற்கு ஒரு சான்று. 1660ஆம் ஆண்டு அக்கப்பலின் தலைவரும், அவர் மகன் ரொபேட் நொக்ஸும் மூதூர்ப் பக்கத்திலே கண்டியரசனின் ஆட்களால் சிறைப்பட்டனர். மரம் வெட்டிக் கொண்டுபோகக் கரைக்கு வந்த படகுக்காரரும் அவர்களோடு பிடிபட்டனர். நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தப்பிச் சென்று நூல் எழுதிப் புகழ் பெற்றார். அந்தப் படகிலே துடுப்புப் போட்டவர்களின் பெயரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஆங்கிலேயர் திருகோணமலையைத் தம் கடற்படையின் தளமாக்கிய பின்னர், துடுப்பு விளையாட்டாகவும் இங்கே வந்து சேர்ந்தது. போர்க்கப்பல்கள் துறைமுகத்தில் கூடியிருக்கும் நாட்களிலே, கப்பலுக்குக் கப்பல் துடுப்புப் போட்டி நடத்துவது பிரித்தானியக் கடற்படையின் வழக்கம். இருபத்தேழு அடி நீளமுள்ள 'வேலர்' என்னும் படகிலே ஐவர் தண்டு வலிப்பர். ஒருவர் சுக்கான் பிடிப்பார். 'கட்டர்' என்னும் பெரிய படகுகளிலே இதனினும் மிகுதியானோர் அமர்வர். மாலுமிகளுக்கும், அடுப்பெரிப்போருக்கும், அதிகாரிகளுக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. மொத்தத்தில் வென்ற கப்பலுக்குச் சேவல் உருவமே வெற்றிச் சின்னம். நீராவியும் எண்ணெயும் கப்பலை ஓட்டத் தொடங்கிய பின்னரும் இவ்வழக்கத்தைக் கைவிடாமைக்குக் காரணம், கட்டளைக்கு ஒன்றுபட்டு இயங்கும் பழக்கத்தை இதனைவிட நன்றாக வேறொன்றும் கற்பிக்கவில்லை என்பதே. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இந்நகரின் மீது குண்டு வீசின. அந்தப் போரின் பிற்பகுதியிலே பெருங் கடற்படை இங்கே மீண்டும் குவிந்தது. அந்நாட்களிலே துறைமுகத்து நீர் முழுவதும் அந்நியக் கடற்படையின் ஆணைக்குட்பட்டிருந்தது. கரையிலிருந்த மக்களிற் பலர் கப்பற் பட்டறையிலும் களஞ்சியங்களிலும் உழைத்தனர். போட்டிப் படகில் அவர்களுக்கு இடமில்லை. அதனைக் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவே.

நகரங்களிலே எழுந்த படகுக் கழகங்களின் தொடக்கமும் இத்தகையதே. கொழும்புப் படகுக் கழகம் 1864ஆம் ஆண்டிலும், சென்னையிலே அடையாற்றங்கரைப் படகுக் கழகம் 1867ஆம் ஆண்டிலும் ஐரோப்பியரால் தொடங்கப்பெற்றன. இவ்விரு கழகங்களும் 1898ஆம் ஆண்டு முதல் ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்துள்ளன. பாக்குநீரிணையை எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தோணியிலே கடந்தவர்கள் தமிழர். ஆயினும், இருகரைக்குமிடையே முறைப்படி நடந்த முதற் படகுப் போட்டிகளிலே அவர்கள் வலித்த தண்டொலி கேட்கவில்லை. கழகம் என்னும் சொல் அக்காலத்தில் கதவடைத்த வீட்டைக் குறித்தது. பின்னரே அது திறந்த வீடாயிற்று.

திருகோணமலையில் அந்தக் கதவு திறந்தது அரசியல் மாற்றத்தினால். 1950ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் இலங்கைக்கெனத் தனிக் கடற்படை தோன்றியது. 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்தனர். தளத்தோடு ஒரு வழக்கமும் கைமாறியது. வேலர்ப் படகுப் போட்டியை இலங்கைக் கடற்படை தன் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டது. 1967ஆம் ஆண்டு திருகோணமலையில் நிறுவப்பெற்ற கடற்படைக் கல்விக்கழகத்தின் மாணவரும் துடுப்பிலே பழகுகின்றனர். இந்நாட்டு இளைஞர் தம் துறைமுகத்திலே தாமே போட்டிப் படகேறும் காலம் வந்தது. எனினும் அப்படகும் சீருடை அணிந்தோரின் படகே. கட்டளையின்படி ஏறும் படகே.

சீருடை அணியாத மக்களுக்கோ கடல் வேறு வகையில் தொலைவாயிற்று. 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009ஆம் ஆண்டு வரை நீண்ட போரின்போது, கிழக்குக் கரையின் மீனவர் எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பவற்றுக்கெல்லாம் தடைகளும் அனுமதிச் சீட்டுகளும் இருந்தன. தலைமுறை ஒன்று, வீட்டு வாயிலிலே கடலை வைத்துக்கொண்டு, அதில் இறங்க அஞ்சி வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இம்மாவட்டத்திலே உயிர்களையும் படகுகளையும் ஒருங்கே வாரிச் சென்றது. மூதூரும் கிண்ணியாவும் பெரிதும் துயருற்றன. கடலன்னை என்று சொல்லிப் பழகிய வாய்கள் அச்சொல்லைச் சொல்லத் தயங்கின. போர் முடிந்த அந்த 2009ஆம் ஆண்டிலேயே கிண்ணியாப் பாலமும் திறக்கப்பெற்றது. அதுவரை 'பாதை' என்னும் மிதவையிலே பிற பயணிகளோடு நெருங்கி நின்று நீரைக் கடந்த மக்கள், அதன் பின் வண்டியிலேயே விரைந்து கடக்கின்றனர். பாலம் பெரும் நன்மை, அதில் ஐயமில்லை. ஆயினும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மிதவையில் நின்ற அந்தச் சிறுபொழுது அதனோடு மறைந்தது.

இந்நிலையிலேதான் டிராகன் படகு போன்ற ஒரு கழகத்தின் பயன் விளங்கும். வேலர்ப் படகிலே தண்டு, படகின் விளிம்பிலே பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்வான். டிராகன் படகிலே துடுப்பு கையிலேயே இருக்கும். போடுபவன் போகும் திசையைப் பார்த்தே அமர்வான். சேர்ந்த முதல் நாளிலேயே புதியவர் படகில் ஏறலாம். நீந்தத் தெரிதல் நன்று. மிதப்பு உடை அணிந்தே ஏற வேண்டும். முன்வரிசையில் இருப்போர் வீச்சின் வேகத்தை நிறுத்துவர். நடுவரிசைகளில் உடல்வலி மிக்கோர் அமர்வர். பின்வரிசையினர் படகின் நிலை தளராது காப்பர். இரு பக்கத்தும் பாரம் ஒத்திருத்தல் வேண்டுமாதலின், யார் யாருக்குப் பக்கத்தில் அமர்வது என்பதை உடல் எடையே தீர்மானிக்கும். குலமும் மதமும் மொழியும் அங்கே கணக்கில் வாரா. வலிமை மிக்க ஒருவன் தன் விருப்பப்படி வேகமாகத் துடுப்புப் போட்டால் படகு விரைவதில்லை, தடுமாறவே செய்யும். எல்லோரையும் விட வேகமாகப் போடுவதன்று, எல்லோரோடும் சேர்ந்து போடுவதே புதியவர் கற்கும் முதற் பாடம்.

இவ்விளையாட்டு இளைஞருக்கும் ஆடவருக்கும் மட்டும் உரியதன்று. 1996ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரிலே, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட மகளிரைக் கொண்டு ஒரு மருத்துவர் டிராகன் படகுக் குழு அமைத்தார். அத்தகைய நோயாளர் கைக்குக் கடும் உழைப்புக் கொடுத்தல் ஆகாது என்று அதற்கு முன்னர் கருதப்பட்டது. அக்கருத்து தவறென்று அம்மகளிர் துடுப்பினாலேயே காட்டினர். இன்று அவர்களைப் பின்பற்றிய குழுக்கள் பல நாடுகளில் உள்ளன. அஞ்சி ஒதுங்கியவர் மீண்டும் நீரிலே இறங்குவதற்கு, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பது எத்துணை ஆறுதல் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. ஆழிப்பேரலையையும் போரையும் கண்ட கரைக்கு இதிலே ஒரு செய்தி உண்டு.

திருகோணமலையிலே சீனக்குடா என்றொரு குடா உண்டு. காலியிலே 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் 1409ஆம் ஆண்டு பொறித்த கல்வெட்டும் உண்டு. சீனக் கடலோடிகளுக்கு இத்தீவு அந்நியமன்று. அவர்களுடைய படகும் இங்கே அந்நியமாக வேண்டியதில்லை. படகு எந்நாட்டதாயினும், அதிலே அமர்வோர் இக்கரையின் மக்களாக இருத்தலே வேண்டுவது. சம்மாட்டியின் தோணியிலே கூலிக்கும், அரசரின் கப்பலிலே கட்டளைக்கும் துடுப்பெடுத்த நீர் இது. கூலியுமின்றிக் கட்டளையுமின்றி, தம் விருப்பத்தால் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து இக்கரைப் பிள்ளைகள் துடுப்பெடுப்பார்களாயின், நானூறு ஆண்டுகளாகப் பிறர் பிடிக்க விரும்பிய துறைமுகம் அன்றே அதன் கரையில் வாழ்வோருக்கு உரியதாகும்.