தறி நின்றால் தங்கம் ஏறுவது ஏன்?

விசைத்தறி நகரான குமாரபாளையத்தில் தறி ஓடாத நாட்களில் கைகொடுப்பது வீட்டு நகைதான். உலகில் பொருளாதார மந்தம் வந்தால் ஜவுளி ஆர்டர் குறையும். தங்கம் விலையோ கிடுகிடுவென ஏறும். முக்கிய காரணம் வட்டி.

2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை கிட்டத்தட்ட பூஜ்யமாக்கியது. டெபாசிட்டில் லாபம் இல்லை என்றதும் முதலீட்டாளர்கள் பணத்தை தங்கத்தில் கொட்டினர். 2011 செப்டம்பரில் ஒரு அவுன்ஸ் 1,900 டாலரை தாண்டியது. 2013ல் மந்தம் தெளியவே, கால் பங்குக்கு மேல் சரிந்தது.

ஆனால் வட்டி மட்டுமே கணக்கு அல்ல. 2022ல் அமெரிக்கா வட்டியை மளமளவென உயர்த்தியும், பல நாட்டு மத்திய வங்கிகள் தங்கத்தை வாங்கி குவித்ததால் அடுத்தடுத்த ஆண்டுகளில் விலை ஏறியது.

எனவே விலை உச்சத்தில் இருக்கிறதே என்று முழுத்தொகைக்கும் அடகு வைத்தால் ஆபத்து. விலை இறங்கி, வட்டியும் சேர்ந்தால் நகை மூழ்கிப்போகும். தேவைக்கு மட்டும் வாங்கி, வட்டியை தவறாமல் கட்டினால் நகை வீடு திரும்பும்.